நம் வாலிபர்களும் வாக்குரிமையும்

மும்பையில் நம்மவர் நாலு பேர் கூடும் இடம் எதுவாயினும் சரி, மாதுங்காக் கோயில் வாசலாகட்டும், தாராவித் தேநீர்க் கடையாகட்டும், தேர்தல் நெருங்கிவிட்டால் ஒரு குறை தவறாமல் காதில் விழுகிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியலில் என்ன அக்கறை? கையில் போன் இருந்தால் போதும். ஓட்டுப் போடும் நாள் அவர்களுக்கு லோணாவ்லா போய்வரும் நாள்" என்பதே அக்குறை. பெரியவர்கள் கூறும் இவ்வார்த்தையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. பிள்ளைகள்மேல் பழி போடுமுன் நம் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்ப்பது உத்தமம். அதில் ரேஷன் அட்டை இருக்கும், ஆதார் இருக்கும், எல்.ஐ.சி. பாலிசிகள் வரிசையாக இருக்கும். பதினெட்டு வயது நிரம்பிய மகனுடைய அல்லது மகளுடைய வாக்காளர் அட்டை இருக்கிறதா?

2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது நாடெங்கும் சுமார் 97 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தனர். அவர்களுள் 18, 19 வயதினர் ஏறத்தாழ 1.8 கோடி. ஜனத்தொகைக் கணிப்பின்படி அவ்வயதினர் 4.9 கோடி அளவில் இருந்திருக்க வேண்டும். அதாவது, ஐந்து பேரில் இருவர்கூடப் பட்டியலில் ஏறவில்லை. மகாராஷ்டிரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். தலைநகராகிய டில்லியிலோ ஐந்தில் ஒரு பங்குதான். நம்மவர் பெருந்தொகையாக வாழும் இவ்விரு இடங்களுமே கடைசி வரிசையில் நின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. டில்லியில் உள்ள 'வளரும் சமுதாயங்கள் ஆய்வு மைய'த்தார் பல தேர்தல்களில் தொடர்ந்து நடத்திய ஆய்வுகளில், இளைஞர்கள் வாக்களிக்கும் விகிதம் மற்றவர்களைவிடப் பெரிதும் குறைந்ததாகத் தெரியவில்லை. 2014-இல் அது பொதுச் சராசரியைச் சற்று விஞ்சியே நின்றது. ஆகவே, பெயர் பதிந்த வாலிபன் பெரும்பாலும் சாவடிக்குப் போகத்தான் செய்கிறான். பெயரே பதியாதவன்தான் நமக்குக் கேள்வி. ஓட்டுப் போடாத பிள்ளை வேறு, ஓட்டே இல்லாத பிள்ளை வேறு. நம் வீடுகளில் இரண்டாவது வகையினரே அதிகம் என்பது நாம் கண்ட அளவில் தெளிவு.

இவ்வுரிமை எளிதில் வந்ததுமன்று. 1965-ஆம் ஆண்டில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது அன்றைய சென்னை ராஜ்யத்தின் தெருக்களில் இறங்கிய கல்லூரி மாணவர்களை நினைத்துப் பார்ப்போம். தடியடிக்கும் சிறைக்கும் அஞ்சாத அவர்களுள் பலருக்கு அன்று ஓட்டுக் கிடையாது. ஏனெனில் வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தது சரித்திரம். அதைச் சரியென்பாரும் உண்டு, இன்றளவும் நினைத்து வருந்துவாரும் உண்டு. அந்த விவாதம் நமக்கு வேண்டாம். 18 வயதுக்கு வாக்குரிமை என்பது அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தத்தால், 1989 மார்ச் 28 முதல்தான் அமலுக்கு வந்தது. அன்றைய மாணவன் கேட்டும் பெறாத உரிமை இன்றைய மாணவனுக்குக் கேளாமலே கிடைத்திருக்கிறது. அதை எழுதி வாங்கிக்கொள்ளத்தான் ஆளைக் காணோம்.

ஏன் காணோம் என்றால், முதற்காரணம் நாமேதான். பிழைக்க வந்த குடும்பங்களுக்கு ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். முப்பது ஆண்டு இங்கே ஜாகை வைத்திருந்தாலும், "நமக்கு ஓட்டு ஊரிலே" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோர் எத்தனை பேர்! திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. அதன் கதவிலக்கத்தில் குடும்பமே பதிவாகியிருக்கும். தேர்தல் சமயத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால், திருவிழாவையும் சேர்த்துக்கொண்டு ஒன்றரை நாள் பிரயாணம் செய்து போவார்கள். கிடைக்காவிட்டால் இல்லை. பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதை இரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டில் தகப்பனாருக்காவது ஊரில் ஒரு பெயர் உண்டு. இங்கேயே பிறந்து, முனிசிபல் பள்ளியில் மராத்தி படித்து வளர்ந்த பிள்ளைக்கு? ஊர்ப் பட்டியலில் அவனை யாரும் சேர்க்கவில்லை. இங்கே சேர்க்க வேண்டுமென்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் குழப்பத்திற்கு இடம் வைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, ஒருவர் எத்தொகுதியில் சாதாரணமாக வசிக்கிறாரோ அத்தொகுதியிலேயே பதிவு பெறத் தகுதியுள்ளவர். ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்கிற ஒரே காரணத்தால் அவ்விடத்து வாசியாகக் கருதப்படமாட்டார் என்று 20-ஆம் பிரிவு கூறுகிறது. தாத்தா வீட்டுக் கதவிலக்கம் இங்கே அடிபட்டுப் போகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பெயர் இருத்தலாகாது என்பது 17-ஆம் பிரிவு. "அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் இருக்கட்டும், தேர்தல் ஒரே நாளிலா வருகிறது?" என்று கேட்கும் சாமர்த்தியசாலிகளும் நம்மிடையே உண்டு. பொய்யான உறுதிமொழி தந்து பெயர் சேர்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க 31-ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பதை அவர்கள் அறிவது நல்லது.

சட்டம் ஏட்டில் இருந்தவரை ஊர்ப் பெயர்கள் ஊரிலேயே தூங்கிக் கிடந்தன. 2025 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அலுவலர்கள் வீடு வீடாகப் படிவம் கொண்டு சென்றார்கள். டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வெளியானபோது, முன்னிருந்த 6.41 கோடிப் பெயர்களில் சுமார் 97 லட்சம் அதில் இல்லை. இறந்தவர்கள் ஒரு பகுதி. இரட்டைப் பதிவுகள் ஒரு பகுதி. ஏறத்தாழ 66 லட்சம் பேர், இடம் மாறிச் சென்றவர்கள் அல்லது விலாசத்தில் காணப்படாதவர்கள் என்ற கணக்கில் விழுந்தவர்கள். பூட்டிய வீட்டின்முன் படிவத்தோடு நின்ற அலுவலரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விட்டுப்போனவர் விண்ணப்பிக்க அவகாசமும் தரப்பட்டது. அந்த 66 லட்சத்தில் மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் பிழைக்கும் நம்மவர் எத்தனை பேரென்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அம்மாதங்களில் ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் இங்கே பல வீடுகளில் உறக்கத்தைக் கெடுத்தன. அங்கே பெயர் போயிற்று. இங்கே பெயர் ஏறவில்லை. சுதந்திர நாட்டுப் பிரஜை ஒருவருக்கு நாட்டில் எந்த மூலையிலும் ஓட்டில்லாத நிலை!

இரண்டாவது காரணம் பழைய அச்சம். இதை வெளிப்படையாகப் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். 1966 ஜூனில் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது, தென்னாட்டார் அனைவரும் 'மதராஸி' என்ற ஒரே பெயரால் குறி வைக்கப்பட்டனர். 1957-லும் 1962-லும் வட பம்பாயில் வென்ற வி. கே. கிருஷ்ண மேனன், 1967-இல் காங்கிரஸ் டிக்கட் மறுக்கப்பட்டு வடகிழக்குப் பம்பாயில் சுயேச்சையாக நின்றபோது, அவர் தென்னாட்டார் என்பதே அவருக்கு எதிரான பிரசாரமாயிற்று. மேனன் தோற்றார். அக்காலத்தில் உடுப்பி ஹோட்டல்களின் கண்ணாடிகள் உடைந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். "நாம் வந்த இடம், வேலையைப் பார், வாயைத் திறக்காதே" என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதில் பிழை காண்பதற்கில்லை. அன்று அது உயிர் காக்கும் புத்தி.

ஆனால் அந்தப் புத்திமதி மூன்றாம் தலைமுறைக்கும் அப்படியே சீதனமாய்ப் போய்விட்டது. காலமோ மாறிவிட்டது. இன்று தாராவியிலும் சயான்-கோலிவாடாவிலும் தமிழெழுத்துச் சுவரொட்டி இல்லாமல் தேர்தல் நடப்பதில்லை. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் சயான்-கோலிவாடாத் தொகுதியில் 2014, 2019, 2024 ஆகிய மூன்று முறையும் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய கட்சியை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் அவரவர் இஷ்டம். மராத்தியரும் பிறரும் கலந்து வாழும் தொகுதியில் தமிழர் ஒருவர் நின்று வெல்ல முடிகிறது என்பது மட்டுமே நாம் எடுத்துக்காட்டுவது.

இனி, வாலிபர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். சென்ற சில மாதங்களில் கல்லூரி மாணவர், கூரியர் வேலை பார்ப்போர், கணினிக் கம்பெனியில் இராப் பணி செய்வோர் எனப் பலதரப்பட்ட பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தோம். அவர்களுக்கு அரசியல் தெரியவில்லை என்பது பச்சைப் பொய். வாடகை எவ்வளவு ஏறியது, கல்விக் கடனுக்கு வட்டி என்ன, எந்தத் தேர்வின் வினாத்தாள் வெளியாயிற்று என்றெல்லாம் அவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது கட்சிகள்மீது நம்பிக்கை. "ஒரு சின்னத்தில் ஓட்டுப் போட்டோம், ஜெயித்தவர் வேறு சின்னத்துக்குப் போய்விட்டார். அப்புறம் எதற்கு?" என்று முலுண்டைச் சேர்ந்த ஒரு பெண் கேட்டபோது நம்மால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. இம்மாநிலத்தில் 2022-இல் சிவசேனையும் 2023-இல் தேசியவாதக் காங்கிரஸும் உடைந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். இன்னொருவன், "2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சியின் ஆயுள் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் தேர்தலே வைக்காமல் அதிகாரியை வைத்து நடத்தினார்களே, அப்போது ஓட்டுப் போடு என்று எங்களை யாரும் அழைக்கவில்லையே!" என்றான். இதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளின் கசப்பை அலட்சியம் என்று பெயரிட்டு அழைப்பது நமக்கு வசதி, அவ்வளவே.

"ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" என்று அவர்கள் கேட்கும்போது மட்டும் நாம் விட்டுக்கொடுப்பதாயில்லை. மும்பை வடமேற்குத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அந்தேரி, ஜோகேஸ்வரி, கோரேகாவ் அடங்கிய தொகுதி. 2024 மே 20-இல் நடந்த தேர்தலில் அங்கே ரவீந்திர வாய்க்கர் வென்றார். அவருக்கும் அமோல் கீர்த்திகருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 48 வாக்குகள். பல லட்சம் பேர் வாக்களித்த தொகுதியில் நாற்பத்தெட்டு! ஒரு சால் கட்டிடத்தின் ஒரு மாடியில் அதைவிட அதிகம் பேர் குடியிருக்கிறார்கள். யாருமே வேண்டாம் என்று நோட்டாவை அழுத்தியவர்கள் அங்கே 15,000-க்கும் மேல். அந்த நோட்டாவும்கூட 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த உரிமைதான். எல்லோர்மீதும் வெறுப்பு என்று சொல்லும் பிள்ளைக்கும் அதைப் பதிவு செய்ய இயந்திரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தவும் பட்டியலில் பெயர் வேண்டும்.

மும்பையில் வாக்காளர் பட்டியலுக்கு இன்னொரு மகிமை உண்டு. குடிசைப் பகுதிகளில் வாழும் நம்மவர் இதை நன்கறிவர். குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் வீடு பெறும் தகுதிக்கு முதலில் 1995 ஜனவரி 1, பின்பு 2000 ஜனவரி 1 என எல்லை நாட்கள் வகுக்கப்பட்டன. அந்நாளில் அவ்விடத்தில் குடியிருந்ததற்குக் காட்டப்படும் முக்கியச் சான்றுகளுள் ஒன்று அக்காலத்து வாக்காளர் பட்டியல். இன்று தாராவியில் புனரமைப்பு வேலை நடக்கும்போது, பழைய பட்டியலின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்கடியில் வைத்திருக்கும் கிழவரின் முகத்தையும், "அந்தச் சமயம் ஊரிலே பேர் இருந்தது, இங்கே எழுதவில்லை" என்று சொல்லும் அடுத்த வீட்டுக்காரரின் முகத்தையும் ஒருங்கே பார்த்தால் போதும். ஓட்டின் மதிப்பைப் பற்றி மேடைப் பிரசங்கம் தேவையில்லை. பட்டியலில் இடம்பெறுவது வீட்டுக்காக அன்று என்பது உண்மையே. ஆயினும் சர்க்கார் ஒரு மனிதன் இங்கே வாழ்கிறான் என்று ஒப்புக்கொண்டு எழுதி வைக்கும் காகிதம் அது. நாளைக்கு எந்த எல்லை நாள் வருமென்று யார் கண்டார்?

பெயர் சேர்ப்பதில் நமக்கென்று ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாரத்தில் அந்தக் கட்டம் காலியாக நிற்பதைக் கண்டு, பக்கத்திலிருப்பவர் தகப்பனார் பெயரை அதில் எழுதிவிடுவார். பள்ளிச் சான்றிதழில் தலையெழுத்து முன்னால்; ஆதாரில் பின்னால்; பட்டியலில் தகப்பனார் பெயரே மகனுடைய பெயராகிவிடும். பிற்பாடு மூன்றும் பொருந்தவில்லை என்று அலைச்சல். பெயர்க் குழப்பத்தால் ஓட்டிழப்பது புதிதுமன்று. 1951-52 முதற் பொதுத் தேர்தலின்போது, வட ராஜ்யங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய தாய்' என்றே எழுதிக்கொண்டார்கள். தேர்தல் கமிஷனராயிருந்த சுகுமார் சென் அப்பதிவுகளை ஏற்க மறுத்துவிட்டார். அவர்கள் வாக்கிழந்தது உண்மை. அடுத்த தேர்தலில் பெண்கள் சொந்தப் பெயரோடு பட்டியலில் ஏறியதும் உண்மை. ஆகவே பாரம் எழுதும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழை முன்னால் வைத்துக்கொண்டு, அதிலுள்ளபடியே எழுத்துக்கூட்டி எழுதச் செய்யுங்கள்.

எழுதவேண்டியது 6-ஆம் எண் படிவம். முன்பு ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருக்க வேண்டும்; ஜனவரி 2-இல் பிறந்தவன் ஓராண்டு காத்திருந்தான். 2021-இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப்பின் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள். 17 வயதிலேயே முன்கூட்டி மனுச் செய்து வைக்கலாம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ போதும்; விலாசத்துக்குத் தகப்பனார் பெயரிலுள்ள மின்சார பில்லும் செல்லும். கைபேசியிலேயே முடிக்கலாம். வாக்குச்சாவடி அலுவலர் விசாரிக்க வருகையில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் மனு தள்ளுபடியாவது இங்கேதான். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, கல்லூரித் தலைவர் தரும் அத்தாட்சியோடு விடுதி விலாசத்திலும் பதியலாம், பெற்றோர் விலாசத்திலும் பதியலாம், ஏதேனும் ஒன்றில்தான். மாநகராட்சி வார்டுகளின் பட்டியல் இந்தச் சட்டசபைப் பட்டியலிலிருந்தே குறித்த நாளில் பிரித்தெடுக்கப்படுவதால், தேர்தல் அறிவித்தபின் ஓடுவதில் லாபமில்லை. குழாயில் தண்ணீர் வராததற்கும் சாக்கடை அடைத்ததற்கும் பதில் சொல்ல வேண்டியவர் வார்டு உறுப்பினர் அல்லவா?

வாக்களிக்கும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டுமென்று 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-பி பிரிவு முதலாளிகளைக் கட்டாயப்படுத்துகிறது. தனியார் கடைகளிலும் கம்பெனிகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இருந்த இடத்திலிருந்தே சொந்த ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்கும் தொலைதூர இயந்திரம் ஒன்றின் மாதிரியைத் தேர்தல் கமிஷன் 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு முன்வைத்தது. பல கட்சிகள் ஆட்சேபித்தன. அது வரும் என்று நம்பி இங்கே பதியாமல் காத்திருக்கச் சொல்லும் பெரியவர்களைக் கண்டோம். அந்த நம்பிக்கையில் பிள்ளைக்கு வயது 25 ஆகிவிட்டது.

கடைசியாக, பெண் பிள்ளைகள். மகனுக்குப் படிவம் எழுதும் வீட்டில், "அவள்தான் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விடுவாளே, அங்கே எழுதிக்கொள்ளட்டும்" என்று மகளை விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. கல்யாணம் 26-லோ 28-லோ நடக்கிறது. புகுந்த வீட்டிலோ, புது மருமகளின் ஆதார் விலாசம் மாறும்வரை பொறு என்கிறார்கள். இடையே எட்டுப் பத்து ஆண்டுகளில் இரண்டு பாராளுமன்றத் தேர்தல்களும் இரண்டு சட்டசபைத் தேர்தல்களும் போய்விடுகின்றன. 18-இல் பிறந்த வீட்டு விலாசத்தில் பதிந்துவிட்டால், குடிமாறும்போது 8-ஆம் எண் படிவம் ஒன்று எழுதினால் பெயர் அவளோடு கூடவே புது விலாசத்துக்குப் போகும். அட்டை எண்ணும் மாறாது.